கவுண்டருக்கு இந்தப் பக்கம்

வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையின் முகப்பில்
பதினொரு வருடமாய் மருந்து கொடுக்கிறேன்.
வயிற்றெரிவோடு வருகிறவரிடம்
"ராத்திரி கொத்து சாப்பிட்டீங்களோ?" என்பேன்.
சிரிப்பார். அதுவே பதில்.
தடிமனுக்கு அன்டிபயோட்டிக் கேட்கிறவரை
ஆவி பிடிக்கச் சொல்லி அனுப்புவேன்,
கல்லாவிலிருந்து முதலாளி முறைப்பார்.
பிள்ளைக்கு வயிற்றோட்டமா, ஜீவனியைக் கரைத்து
கரண்டி கரண்டியாய், அவசரப்படாமல்.
முழங்கால்வலி மிஸிஸ் குணதிலக்கவுக்கு
மூன்றாம் மாடியில் வீடு, லிஃப்ட் இல்லை.
அதற்குப் பூச என்னிடம் ஒன்றும் இல்லை.
ஆனாலும் சித்தாலேப கேட்பார், கொடுப்பேன்,
"ஸ்துதி மிஸ்" என்று படியைப் பார்த்துப் பார்த்து இறங்குவார்.

யார் வந்தாலும் முதலில் கேள்விதான்.
எத்தனை நாளாய்? எந்தப் பக்கம்?
ராத்திரியில் கூடுதோ, சாப்பிட்டால் குறையுதோ?
கேளாமல் கொடுக்கிற குளிசை
கண்ணை மூடிக்கொண்டு காலி வீதியைக் கடக்கிற மாதிரி.

வீட்டில் அப்படியில்லை.
"போனை மூஞ்சியோடு ஒட்டாதை" – காலையில் ஒன்று.
"படி" – மூன்று வேளையும்.
"ஓ லெவலுக்கு இன்னும் ஐந்து மாசம்" – படுக்கப் போகுமுன்.
கட்டாரிலிருந்து அவளுடைய அப்பாவும்
வீடியோ கோலில் அதையேதான் எழுதிக் கொடுப்பார்,
சிக்னல் உடைந்து
ப... ப... படி என்று.
லதுர்ஷிகா கதவைச் சாத்துவாள்.
அறைந்து சாத்தினால்கூடப் பரவாயில்லை.
மெல்லச் சாத்துவாள்.

செவ்வாய்க்கிழமை, மழை, ஏழேகால்.
வரிசையில் மூன்றாவதாய் ஒரு ரியூசன் பை.
முன்னால் படைக்குக் களிம்பு வாங்கும் ஓட்டோக்காரர்,
பின்னால் யாரோ குடையை உதறுகிறார்கள்.
அவள் முறை வந்தது.
என்னைத் தெரியாத ஆள் மாதிரி நின்று
"தலையிடிக்கு ஏதும் இருக்கோ?" என்றாள்.

வாய் பழக்கத்தில் கேட்டது:
"ஆருக்கு?"
"ஒரு பிள்ளைக்கு."
"எத்தனை வயசு?"
"பதினைஞ்சு."
"எத்தனை நாளாய்?"
"சித்திரையிலயிருந்து."

இப்போது ஆவணி.
கையிலிருந்த பனடோல் கார்டைத் திரும்ப வைத்தேன்.
"எந்த நேரம் கூட?"
"வகுப்பு முடியேக்க. பின்வாங்கில இருந்தா
போட்டில எழுதுறது புழு மாதிரித்தான் தெரியுமாம்.
பக்கத்துப் பிள்ளையின்ர கொப்பியைப் பாத்து எழுதுறவள்."
"அந்தப் பிள்ளை வீட்டில சொல்லேல்லையோ?"
"சொன்னால்
போனாலதான் எண்டு அவளின்ர அம்மா போனைப் பறிச்சுப் போடுவா."

பின்னால் குடைக்காரர் தொண்டையைச் செருமினார்.
முதலாளி பார்த்தார்.
நானும் பறித்துத்தான் இருப்பேன், உண்மை.
மூஞ்சியோடு ஒட்டின அந்தப் போனை
ஐந்து மாதமாய்த் திட்டினேனே,
ஏன் ஒட்டுகிறது என்று கேட்டேனா?

"அந்தப் பிள்ளைக்குக் குளிசை வேண்டாம்" என்றேன்.
"கண் பார்க்க வேணும். சனிக்கிழமை
அவளின்ர அம்மாவுக்கு அரைநாள் லீவு கிடைக்கும்."
"போன்?"
"அவளிட்டயே இருக்கட்டும்."

எட்டு மணிக்கு ஷட்டர் விழுந்தது.
ஒரு குடை, இரண்டு மாலுபான்.
பஸ் வருகிறதா என்று அவளைப் பார்க்கச் சொன்னேன்.
"சிவப்பு" என்றாள்.
"நம்பர்?"
"கிட்ட வரட்டும்."
அப்படியே விட்டிருக்கலாம், விடவில்லை:
"நீங்களும்தான் அம்மா,
மருந்துப் பெட்டியை ஒரு முழம் தள்ளிப் பிடிச்சு வாசிக்கிறீங்கள்.
எத்தனை நாளாய்?"

பதில் சொல்லத் தெரியவில்லை.
பஸ் நிற்காமல் எங்கள் மேல் தண்ணீர் அடித்துப் போனது.
கடைசிவரை அதன் நம்பரை
இரண்டு பேரும் காணவில்லை.