கால் சுற்று

மார்ஸ்டால் துறையில் ஏப்ரல்.
படகுகள் இன்னும் தண்ணீரில் இறங்கவில்லை,
முட்டுக்கட்டைகளின் மேல் வரிசையாய் நிற்கின்றன.
எங்கள் படகுக்கு நாற்பத்தாறு வயது.
எங்கள் விவாகரத்துக்கு ஏழு மாதம்.

ஓடன்ஸேயிலிருந்து ஒரு பல்மருத்துவர் விலை பேசிவிட்டார்.
ஒரே நிபந்தனை: ஒழுகக் கூடாது.

ஒழுகும் இடம் எனக்குத் தெரியும்.
பதினோரு கோடை தலைமாட்டில் சட்டி வைத்துப் படுத்தவள் நான்.
தோர்கில் அதை ஜன்னல் வியர்வை என்றான்,
பிறகு அலைத்தூறல் என்றான்,
ஒரு ராத்திரி என் கற்பனை என்றும் சொன்னான்.
இன்று, கயிறு கட்டும் இடப்பக்கக் கொம்பைக் கழற்றியதும்
துளைகளிலிருந்து தேநீர் நிறத்தில் வழிந்தது.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை,
அதற்கு நான் பட்ட பாடு.

பெயர்தான் எவர்சில்வர்.
வெளியே தெரிந்த தலை பளபளவென்றுதான் இருந்தது,
காற்றுப் படாத ஈரத்துக்குள்
கழுத்து அரித்து ஊசியாய் இளைத்திருந்தது போல்ட்.
நான்கில் மூன்று இப்படி.
நான்காவது போல்ட்டே இல்லை, வெறும் மரத்திருகாணி,
எங்களுக்கு முன் வைத்திருந்த எவனோ
மழைக்கு முன் முறுக்கிவிட்டுப் போனது.
அதை நம்பி இரண்டு புயலில் கட்டிக் கிடந்திருக்கிறோம்.

உள்ளே பால்சா மரம் ஊறிய ரஸ்க் போல வந்தது.
வளைந்த ஆணியால் சுரண்டி, உலர்த்தி,
குழியை எபாக்ஸியால் அடைத்து,
அது கல்லானபின் நடுவில் புதுத் துளை.

மிச்ச வேலைக்கு இரண்டு பேர் வேண்டும்.
மேலே ஒருவர் திருப்புளியோடு,
கீழே ஒருவர் ஸ்பேனரோடு,
நடுவில் தளம்.
அந்தப் பொந்துக்குள் நுழையும் கை என்னுடையதுதான்.
மல்லாந்து கிடந்தேன்,
நெற்றியில் விளக்கு, உதட்டிடுக்கில் வாஷர்.
அவன் ஒரு தட்டு தட்டினால் பிடி,
இரண்டு தட்டினால் விடு.
பேசக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை.

ஒருமுறை நான் மூன்று தட்டினேன்.
மூன்றுக்கு நாங்கள் அர்த்தம் எதுவும் வைத்திருக்கவில்லை.
மேலே கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
"கை மாட்டிக்கொண்டதா?"
"வாஷர் விழுந்துவிட்டது" என்றேன்.
விழவில்லை.

கொம்பைச் சுற்றிப் பசை
ஒரே அளவாய்ப் பிதுங்கியதும் நிறுத்தினோம்.
சாமான் கடை யுட்டா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்:
இன்றைக்கே முழுசாய் இறுக்கிவிடாதீர்கள்,
பசையெல்லாம் வெளியே போய்விடும்.
ஒரு ராத்திரி விடுங்கள். நாளைக்குக் கால் சுற்று.

நாளை திருகுவது நான், நட்டை, கீழேயிருந்து.
போல்ட் தலை இம்மியும் நகரக் கூடாது,
நகர்ந்தால் பிடித்த பசை கிழியும்.
அவன் செய்ய வேண்டியதெல்லாம்
மேலே அதை அசையாமல் பிடித்திருப்பது.

கந்தையில் கையைத் துடைத்துக்கொண்டே
"ஸ்வென்போரிலிருந்து முதல் கப்பல் எத்தனை மணிக்கு?" என்றான்.
அவனுக்குத் தெரியாததா.
சொன்னேன்.