முதல் ஈடு

விடிகாலை நாலரைக்கு வருவான் சவரியப்பன்.
முத்தோரை பாலாடாவில் மெஷின் ராத்திரியெல்லாம் ஓடும்.
மூட்டை மூட்டையாய்க் கேரட்டைக் கொட்டிக்
கழுவி, ரகம் பிரித்து,
மேட்டுப்பாளையம் லாரியில் ஏற்றிவிடுவான்.
கேரட் போகும், கல்யாண மாப்பிள்ளை போல.
கழுவியவன் வருவான்
அப்போதுதான் தோண்டியெடுத்த கிழங்கு போல.

அந்த மண் லேசில் விடாது.
வாரத்துக்கு ஆறு சட்டை, ஆறு கால்சட்டை,
ஒரு ஸ்வெட்டர். அதற்கு நான் முந்தின நாளே
மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும்.
விரலிடுக்கெல்லாம் வெடித்துப்போயிற்று.
வெங்காயம் நறுக்கினால் கண்ணுக்கு முன் கை அழுதது.
"பவுடரை மாத்துங்க" என்றார்கள் ஆஸ்பத்திரியில்.
மாற்றினேன்.
நீலப் பாக்கெட்டிலிருந்து பச்சைக்கு,
பச்சையிலிருந்து எலுமிச்சம்பழம் படம் போட்டதற்கு.

ஒருநாள் டீயை ஊதிக்கொண்டே சொன்னான்:
"நேத்து தொட்டி பூரா நுரை.
மேல எவளோ மூட்டைத் துணி தொவைச்சிருக்கா.
கேரட்டெல்லாம் ஷாம்பு போட்டுக் குளிச்ச மாதிரி."
நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
எங்கள் வாசல் சாக்கடை
பீன்ஸ் காட்டோரம் இறங்கி ஓடையில் விழும்.
அந்த ஓடையில்தான் அவர்கள் மோட்டார்க் குழாய்.
எவளோ இல்லை.
எலுமிச்சை வாசனை வந்ததா என்று
நான் கேட்கவில்லை.

முதல் ஈடு:
வெள்ளைச் சோப்புக்கட்டி ஒன்று, தேங்காய்த் துருவியில்.
சலவை சோடா இரண்டு டம்ளர், ஒன்று போதும் என்று தெரியாமல்.
ஜெனிலா பள்ளிக்கூடம் விட்டு வந்து
தேங்காய்ப்பூ என்று ஒரு சிட்டிகை வாயில் போட்டு
"அம்மா" என்றாள்.
அந்தச் சொல்லோடு ஒரு குமிழியும் வந்தது.
சட்டை வெளுத்தது. கை இன்னும் எரிந்தது.

இரண்டாம் ஈட்டில் அளவு சரி, இரவு சரியில்லை.
புல்லெல்லாம் வெளுத்து உறைபனி விழுந்த தை மாதம்.
வாளியில் கூழாய் இருந்தது, காலையில் பாறை.
கவிழ்த்துத் தட்டினேன்; வாளிதான் உடைந்தது.
வீட்டுக்கார நஞ்சியம்மா எட்டிப்பார்த்து
"நெய் காச்சினியா?" என்றாள்.

மூன்றாவதற்கு ஊட்டி மார்க்கெட்டில்
பூந்திக்கொட்டை கால் கிலோ.
"பட்டுக்கா, நகைக்கா?" என்றார் கடைக்காரர்.
"பாலாடா மண்ணுக்கு" என்றேன்.
ஒரு கைப்பிடி சேர்த்துப் போட்டார்.
கொட்டை நீக்கி, ராத்திரி ஊறவைத்து,
தோல் குழையக் கொதிக்கவிட்டுப் பிசைந்து வடிகட்டினால்
அசல் புளிக்கரைசல் நிறம்.
தவறிப்போய் ரசம் தாளித்துவிடுவேனோ என்று
மூடிமேல் சாக்பீஸால் எழுதினேன்: துணி.
யூகலிப்டஸ் தைலம் ஏழு சொட்டு. எட்டாவது கைதவறி.

சவரியப்பன் வாளிக்குள் பார்த்தான்.
"நுரையே இல்ல."
"கேரட்டுக்கு நுரையா போடறீங்க?"
கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு, ஏதோ தொழில் ரகசியம் போல,
"அது ஒன்னோட ஒன்னு உரசியே சுத்தமாயிரும்.
தண்ணி சும்மா கூட இருக்கும், அவ்வளவுதான்."
சொல்லிவிட்டு ஸ்வெட்டரின் ஒரு முனையைப் பிடித்து
முறுக்கினான். நான் இந்தப் பக்கம்.
நடுவில் அது கயிறாகிக் கொட்டிய தண்ணீர்
பாதி கொட்டையின் நிறம், பாதி பாலாடாவின் நிறம்.

மூன்று நாள் மூடுபனி.
துணி காயவுமில்லை, நனையவுமில்லை,
கொடியில் சும்மா யோசித்துக்கொண்டிருந்தது.
நாலாம் நாள் பதினொன்றுக்கு வெயில் எட்டிப்பார்த்ததும்
தெருவே கையில் துணியோடு ஓடியது.
ஒரு சட்டையில் பாக்கெட் ஓரம் கறை போகவில்லை.
விட்டுவிட்டேன். இன்று ராத்திரி
அதே இடத்தில்தானே மறுபடி படப்போகிறது.

காலையில் கேட்டேன்:
"தொட்டியில நுரை?"
"இருந்துச்சு."
பன்னை டீயில் முக்கி, மென்று, விழுங்கி,
என் விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:
"எலுமிச்சை வாசனை இல்ல."