நான்கு வாட்

ஆண்டுக்கு நான்கு வாட் குறைகிறது,
சம்பளப் பிடித்தம் போல, யாரையும் கேட்காமல்.
இந்த ஜூலைக் கணக்கில்
ஒரு ஹீட்டர் போயாக வேண்டும்.
எந்தக் கருவியுடையது என்று
கலிஃபோர்னியாவில் மூன்று வாரம் சண்டை.
அனுப்பும் பொத்தான் மட்டும் என் மேசையில்.

டிட்பின்பில்லாப் பள்ளத்தாக்கு,
செவ்வாய் மாலை ஐந்து நாற்பது.
வேலிக்கு அப்பால் கங்காருக்கள்
புல் கடிப்பதை நிறுத்தவில்லை.
எழுபது மீட்டர்க் கிண்ணம் திரும்பும் ஓசை
அவற்றுக்குப் பிறந்ததிலிருந்தே பழக்கம்.
எனக்குத்தான் இருபத்தாறு வருடமாகியும்
கூடவே வயிற்றுக்குள் ஏதோ திரும்பும்.

அனுப்பினேன். அவ்வளவுதான்.
கிணற்றில் கல்லைப் போட்டால்
ஒரு களுக்காவது உடனே மேலே வரும்.
இது போய்ச்சேரப் பத்தொன்பதரை மணி,
திரும்பி வர இன்னொரு பத்தொன்பதரை.
"வியாழன் காலை எட்டு நாற்பது" என்று
கோட்டை மாட்டிக்கொண்டார் ப்ரென்டன் ஸ்கல்லி,
பல் டாக்டரிடம் நாள் குறித்தவரைப் போல.

வீடு குயின்பியனில். வெளியே மைனஸ் நான்கு.
நெவில் உறங்கிய பின்
கூடத்து ஹீட்டரை அணைத்தேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.
இரண்டாயிரத்து நூறு கோடிக் கிலோமீட்டர் தள்ளி
ஒன்றைக் குளிரில் விட்டுவிட்டு வந்தவளுக்கு
கதகதப்பாக உட்கார மனம் வரவில்லை.

பசித்தது. ஃப்ரிட்ஜைத் திறந்தேன்.
உள்ளே எரிகிற குட்டி பல்பின் வலுதான்
அதன் குரலுக்கும்.
பால், பாதி எலுமிச்சை,
மூடி தொலைந்த டப்பாவில் பூசணி சூப்:
இவ்வளவு தெரியப் போதுமான வெளிச்சம்.
அதை வைத்துக்கொண்டு
நெப்டியூனைத் தாண்டி,
சூரியக் காற்று ஓய்ந்துபோன இடத்தையும் தாண்டி
பேசிக்கொண்டே போகிறது.
அது கிளம்பியபோது எனக்கு மூன்று வயது.
கதவைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றதில்
ஃப்ரிட்ஜ் கத்தத் தொடங்கியது.

புதன் மதியம் ஒன்று பத்து.
கடையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.
இப்போது அணைந்திருக்கும் என்று நினைத்தேன்.
இப்போது.
அந்தச் சொல் அவ்வளவு தூரம் தாங்குமா?
பின்னால் நின்ற பெண்மணி
"எடுக்கிறீர்களா, இல்லையா?" என்றாள்.

வியாழன் எட்டு நாற்பதுக்குப் பதில்:
கிடைத்தது, அணைத்தேன்.
பிறகு வெப்பநிலைக் கோடு இறங்கத் தொடங்கியது.
என் ஷிஃப்ட் முடிந்தும் நான் போகவில்லை.
மைனஸ் முப்பத்தைந்தில் செத்துவிடும் என்று
கையேட்டில் யாரோ எழுதிய கருவி
நாற்பதைக் கடந்தது. ஐம்பதை.
சாயங்காலம் கோடு திரையின் அடியைத் தொட்டது.
அதற்கும் கீழே அளக்க
அந்தக் காலத்தில் ஒருவரும் ஏற்பாடு செய்யவில்லை.
எண்ணிக்கை மட்டும் வந்துகொண்டிருந்தது:
ஒரு துகள், வெகுநேரம் கழித்து ஒரு துகள்,
சேர்ந்தாற்போல் இரண்டு.
ப்ரென்டன் ஒன்றும் பேசவில்லை,
நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

எட்டு மணிக்கு வீடு.
"ஹீட்டர் பழுதா? இரண்டு ராத்திரியாக
மூக்கு விறைக்கிறது" என்றார் நெவில்.
சொல்லியிருக்கலாம்.
"ஆளைக் கூப்பிடட்டுமா?"
வேண்டாம் என்றேன்.
அவர் இரண்டாவது கம்பளியை விரித்து
என் பாதத்தின் மேலும் இழுத்துவிட்டார்.
"எனக்கொன்றுமில்லை," என்றார்,
"பழகிக்கொண்டு வருகிறேன்."