மணி அடிச்சால் ஓடு

சப்பாத்து ஒரு இலக்கம் பெரிசு.
அடுத்த வருசமும் போடலாமெண்டு
மாங்குளத்துக் கடையில் நான்தான் கேட்டு வாங்கினேன்.
முனையில் பஞ்சு.
சட்டையின் விளிம்புக்குள் நாலு விரல் மடிப்பு,
வளர வளர அவிழ்க்க.

கொப்பி ஆறு.
மூலை மூலையாய் நகத்தால் நீவி உறை போட்டேன்.
எங்கட வேலையில் விரல் பழகிவிட்டது,
எதையும் அவசரமாய்த் தொடாது.
பெயர் எழுத இருந்தாள்.
நி வந்தது. ல வந்தது. க் வந்தது.
பிறப்புப் பதிவில் கிடக்கும் அந்த ஷி மட்டும்
இரண்டு சில்லோடு சைக்கிள் மாதிரி வந்தது.
"இதில ஏறிப் பள்ளிக்கூடம் போகலாமோ?"
இவர் சிரித்தார்:
"சாத்திரியார் சொன்ன எழுத்து, உருளட்டும்."

இன்னும் வாசிக்கத் தெரியாது.
மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை மட்டும் தெரியும்.
ஒலுமடுவில் பிறந்த பிள்ளைக்கு
அ வர முன்னம் அது வந்துவிடும்.

பதியப் போன அன்று மணி அடித்தார்கள்.
வேம்பில் தொங்கும் இரும்புத் துண்டு.
பிள்ளைகள் எல்லாம் படலைக்கு ஓட
என்னுடையவள் மைதான நடுவில் நின்றாள்,
கால் இரண்டும் சேர்த்து, கை நெஞ்சில்,
கண் மட்டும் என்னைத் தேடி.
"ஒழுக்கமான பிள்ளை" என்றார் ரீச்சர்.

ஒழுக்கம் இல்லை அது.
நான் பழக்கிய விளையாட்டு.
விசில் ஊதினால் நிற்கோணும், நின்ற இடத்தில்.
குனியக் கூடாது. கால் மாற்றக் கூடாது.
பிறகு, வந்த அடியிலேயே அடி வைத்துத்
திரும்பி வரோணும்.
முற்றத்தில் சாம்பல் தூவிப் பார்ப்பேன்,
ஒரு தடம்கூடப் புதிசாய் இராது.
பரிசு அரை ரொபி.
மூன்று வயதில் இருந்து அவள் தோற்றதில்லை.

பள்ளிக்கூடம் தொடங்க ஒரு கிழமை இருக்க
பின்னேரம் பின்னேரமாய்
சட்டி மூடியில் அகப்பையால் அடித்தேன்.
"ஓடு."
நின்றாள்.
"இது விசில் இல்லையம்மா, மணி. மணிக்கு ஓடோணும்."
"எங்கால?"
"எங்காலயும்."
"புல்லுக்காலயும்?"
பதில் வரச் சுணங்கியது.
"புல்லுக்காலயும்."
"நீங்கள் ஓடுங்கோ பாப்பம்."

வேலிக்கரையில் முழங்கால் உயரப் புல்.
எட்டு வருசமாய்ப் புல்லைக் கண்டால்
முட்டுக்காலில் இருப்பவள் நான்;
கம்பி விட்டுப் பார்த்து, கத்தரித்து,
பிறகே அடுத்த சாண்.
ஓடினேன்.
கோழிகள் சிதறின. நைட்டி முள்ளில் கிழிந்தது.
அவள் கைதட்டிச் சொன்னாள்,
"அம்மாவுக்கு ஓடத் தெரியேல்ல."

அந்த மைதானமும் நாங்கள் துப்பரவாக்கியதுதான்,
அவள் பிறக்க முன்னம்.
கிழக்கு மூலை என்ர பாதை.
எடுத்தது எத்தனை என்று அவளுக்குச் சொன்னதில்லை.
கையெழுத்து வைத்துக் கொடுத்த நிலம்,
பந்து உருளும் நிலம்.
இருந்தும் கூட்டங்களுக்குப் போனால்
சுற்றித்தான் நடப்பேன்.

இன்றைக்கு லீவு.
நாலரைக்கு வாகனம் ஹோன் அடித்துப் போனது.
பெட்டையள் கை காட்டியிருப்பினம்,
இருட்டில் தெரியவில்லை.
இரட்டைப் பின்னல், வெள்ளை ரிபன்.
தண்ணிப் போத்தல் மூடியை
மூன்று தரம் தானே திறந்து மூடிக் காட்டினாள்.
சப்பாத்து முடிச்சு மட்டும் நான்.

இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள்
கடதாசிப் பூமாலை போட்டார்கள்.
யாரோ பேசினார்கள், நெடுக.
பிறகு மணி.
என் முகத்தைப் பார்த்தாள்.
நான் முகத்தை என்ன செய்தேனோ தெரியாது.
ஓடினாள்,
கிழக்கு மூலையால், குறுக்கே, புல்லுக்கால,
பின்னல் இரண்டும் எகிற.

இடது சப்பாத்து அங்கே கழன்று கிடந்தது.
பஞ்சு வெளியே.
போய் எடுத்தேன், நேராய் நடந்து.

வகுப்பு வாசலில் ரீச்சர் சிரித்தார்,
"பெரிசாய் வாங்கிட்டியள்."
"ஓம் ரீச்சர். வளருவாள்தானே."
உள்ளே, ஒற்றைக் காலுறை மண்ணாய்,
பக்கத்துப் பிள்ளைக்கு அவள்
சைக்கிள் கீறிக் காட்டிக்கொண்டிருந்தாள்.