கண்ட்ரோல், மூன்று

கோத்தகிரியில் நாலரைக்கே விளக்கு போட்டாயிற்று.
அதுவும் போய்விட்டது.
யூபிஎஸ் கீச்சிடுகிறது: இன்னும் பதினொரு நிமிடம்.
விறைத்த விரலுக்கு மவுஸ் பிடிபடாது,
குறுக்குவிசைகள்தான் கதி.

'கிளவ்ஸ்' வரும் வரிகளைத் தேடச் சொன்னேன்.
பழைய வாக்கியங்கள் மூன்று
எண் போட்டு வந்து நின்றன.
ஒன்று, கையுறை அணிதல் வேண்டும்.
இரண்டு, கையுறைகள் அணியப்படுதல் வேண்டும்.
இரண்டும் நான் எழுதியவைதான், என்ன செய்ய.
மூன்று,
கையில உறை போடாம மருந்தடிக்காதீங்க.
ஓரத்தில் சிவப்பு: நிராகரிக்கப்பட்டது.
எழுதியவர் ஜெ.ஹா.
யாரோ.
மருந்து வாடையில் ஒரு நாளாவது நின்றவர்.

எஸ்டேட் மஸ்டர் கொட்டகையில் ஒட்டப்போகும் தாள் இது.
காலையில் பால் வரிசையில்
மங்களேஸ்வரி நீட்டிய சில்லறையை விட்டுவிட்டு
நகத்தோரம் வெந்து வெளுத்த தோலைத்தான்
பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்ட்ரோலோடு ஒன்றைத் தட்டினால் வேலை முடியும்.
பழைய வரி என்பதால் கால் பங்குக் கூலி,
ஆனாலும் வரும்.
மூன்றைத் தட்டினேன்.

நாளை சென்னையிலிருந்து சிவப்பாகத் திரும்பும்.
திரும்பட்டும்.
அடுத்து தேடுகிறவருக்கு
ஜெ.ஹா.வின் கீழே
இன்னொரு பெயரும் தெரியும்.

திரை அணைந்தது.
சேமித்தேனா என்று
இருட்டில் விரல்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.