ஒன்பதாம் வகுப்பாக நடித்தவர்கள்

பைன்டவுன். பயிற்சி அறை.
மின்விசிறி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு சுற்றுகிறது.
பதினோரு பேர் இன்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள்.
சிபோங்கிலேவுக்கு இருபத்தாறு வயது,
வீட்டில் கைக்குழந்தை.
ஆனாலும் பெஞ்சுக்கடியில் சீட்டு அனுப்புகிறாள்,
நடிப்பில் அத்தனை நேர்மை.

என் கையில் பாடத்திட்டம்:
நோக்கம், முன்னறிவு, துணைக்கருவி, மதிப்பீடு,
எங்கள் முனிசிபல் வீடுகள் போல
கட்டம் கட்டமாக.

"யார் எங்கே வாழலாம் என்று
டர்பனில் அரசாங்கம் கோடு போட்டது"
என்று பலகையில் எழுதினேன்.
போட்டது. இறந்த காலம்.
அடிக்கோடு வேறு.

சிபோங்கிலே கை தூக்கினாள்.
"மிஸ், காலையில் எப்படி வந்தீங்க?"

இதற்குக் கட்டம் இல்லை.

சாட்ஸ்வொர்த்திலிருந்து டவுனுக்கு பஸ்,
டவுனிலிருந்து டாக்ஸி, என்றேன்.
"நான் உம்லாசி. டாக்ஸி, டவுன், இன்னொரு டாக்ஸி."

எங்கள் சமையலறை ஜன்னலில் நின்றால்
அவர்கள் மேட்டு விளக்குகள் தெரியும்.
வெள்ளிக்கிழமை இரவு அங்கே போடும் பாட்டுக்கு
அலமாரியில் எங்கள் தட்டுகள் அதிரும்.
ஆனால் அவளும் நானும் சந்திக்க
ஆளுக்கொரு வண்டி பிடித்து
டவுனுக்குத்தான் போக வேண்டும்.

சுண்ணக்கட்டியை அவளிடம் நீட்டினேன்.
அவள் வழியை அவள் வரைந்தாள்.
பிறகு ஃபீனிக்ஸ். குவாமாஷு. வென்ட்வொர்த்.
ரையனின் கோடு மட்டும்
எங்கும் நிற்காமல் நேராக வந்தது.
"அப்பா கார்" என்று சிரித்தான்,
பின்பு அந்தச் சிரிப்பை எங்கே வைப்பதென்று
தெரியாமல் நின்றான்.

யாரோ சொன்னார்கள், யாரென்று நினைவில்லை:
"சட்டம் தொண்ணூற்றொன்றிலேயே செத்துப்போச்சு.
அதோட டிரைவர் இன்னும் வண்டி ஓட்டுறான்."

நடிப்பு எப்போது நின்றதென்று தெரியவில்லை.
மணி அடித்ததும் கேட்கவில்லை.

ம்கீஸே ஐயாவின் தாளில்:
நேரம் ஒன்பது நிமிடம் மீறியது.
தொகுப்புரை இல்லை.
துணைக்கருவி பயன்படுத்தப்படவில்லை.
இருபதுக்குப் பதினொன்று.

சரிதான். துணைக்கருவி, நான் ஒட்டி ஒட்டிச் செய்த வரைபடம்,
சுருட்டியபடியே மேசையில் கிடந்தது.

பலகையைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன்,
அத்தனை கோடுகளும்
என் வாக்கியத்தின் மேலேயே போயிருந்தன.
"போட்டது" என்ற சொல்லைப்
படிக்கவே முடியவில்லை.

டவுன் வரைக்கும் சிபோங்கிலேவும் நானும் ஒரே டாக்ஸி.
சில்லறையை முன்சீட்டுக்குக் கடத்தினோம்.
இறங்கியதும் அவள் அந்த வரிசை,
நான் இந்த வரிசை.

வியாழக்கிழமை அவள் பாடம்.
நான் பிள்ளை.
என்ன கேட்கலாம் என்று
பஸ் முழுக்க யோசித்துக்கொண்டே வந்தேன்.