வில்லங்கத்தோடு பாதி

முட்டை வெந்துகொண்டிருந்தபோது சொன்னான்,
"வீட்ல பாதிய உன் பேருக்கு எழுதிடலாம்னு பாக்குறேன்."
ஆல்வின் எதையும் இப்படித்தான் சொல்வான்,
நாளைக்குக் குப்பை வண்டி வராது என்பதைப் போல.
நான் உப்பைத் தேடினேன்.

பதினோரு வருஷம்.
எரிவாயுவும் மளிகையும் என் சம்பளத்தில்,
தவணை அவன் சம்பளத்தில்.
கிரிம்ஸ்பியில், மீன்வாடை பழகிப்போன தெருவில்,
நாற்பத்தொன்றாம் எண் கதவுக்குப் பின்னால்
நான் விருந்தாளி இல்லை.
பத்திரத்திலும் இல்லை.

வங்கிக்கு எழுதினோம்.
ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது.
வீடு எங்களிடம் அடமானத்தில் இருப்பது
நினைவிருக்கும் என்று நம்புகிறோம்.
பாதியைப் பெறுகிறவர் கடனுக்கும் கையெழுத்திட வேண்டும்.
மூன்று மாதச் சம்பளச் சீட்டு அனுப்பவும்.

அனுப்பினேன்.
ராத்திரி ஷிப்டில் மீன் துண்டுகளுக்கு
ரொட்டித்தூள் பூசுகிறவளின் சம்பளச் சீட்டு.
உறையை ஒட்டுமுன் முகர்ந்து பார்த்தேன்.

எனக்கென்று தனி வக்கீல் வேண்டுமாம்.
திருமதி பிக்கர்ஸ்கில், மூக்குக் கண்ணாடியை
நெற்றியில் ஏற்றிவிட்டு மேஜையெல்லாம் தேடுகிறவர்,
ஆல்வினை வெளியே உட்காரச் சொன்னார்.
"யாராவது உங்களை வற்புறுத்துகிறார்களா?"
சிரித்தேன்.
அவர் சிரிக்கவில்லை.
இதே நாற்காலியில், பதில் சொல்லுமுன்
கதவைப் பார்த்த பெண்கள் இருந்திருப்பார்கள்.
நானும் பார்த்தேன்.
புகைக் கண்ணாடிக்கு அப்பால் அவன் உருவம்
தீ விபத்து அறிவிப்பை முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தது.

"வீடு பாதி. கடன் அப்படியில்லை.
அவர் கட்டாமல் போனால் முழுவதும் உங்கள் தலையில்."
சரி என்றேன்.
"தானம்தானே இது?" என்று கேட்டேன்.
"தானம்தான். ஆனால் கடனில் பாதியை ஏற்கிறீர்கள் அல்லவா,
வரிக்காரர்கள் கணக்கில் அதுவே கிரயம்.
நாற்பத்தேழாயிரம் பவுண்டு.
இந்தத் தொகைக்கு வரி வராது, கவலை வேண்டாம்."

வரியைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?
சல்லிக்காசு கொடுக்காமல்
என் புருஷனிடமிருந்து
என் அடுப்படியை
விலைக்கு வாங்கியிருக்கிறேன்.

அப்புறம் அந்த இரண்டு கட்டங்கள்.
ஒருவர் செத்தால் மற்றவருக்கே எல்லாம் என்று ஒன்று.
அவரவர் பங்கு அவரவர் வாரிசுக்கு என்று இன்னொன்று.
இரண்டாவதில் டிக் ஏற்கெனவே விழுந்திருந்தது.
அழுத்தமான டிக்.
தாளின் பின்பக்கம் விரலில் தட்டுப்பட்டது.

ரோனா. லீட்ஸில் இருக்கும் அவன் மகள்,
முதல் மனைவிக்குப் பிறந்தவள்.
நல்ல பெண். கிறிஸ்துமஸுக்குக் கையுறை அனுப்புவாள்,
எப்போதும் ஒரு அளவு சின்னதாக.
அவன் இல்லாத ஒரு வீட்டில்
மாடிப்படியின் பாதியில் அவளும் நானும்
ஒதுங்கி ஒதுங்கி வழிவிடுவதை நினைத்துப் பார்த்தேன்.

"சொல்லியிருக்கலாம்" என்றேன், பேருந்தில்.
"சொல்லணும்னுதான்..." என்றான்.
ஆறு நிறுத்தம் போயின.
மழை ஜன்னலில் குறுக்காக ஓடியது.
"எது என் பாதி?" என்று கேட்டேன்.
"எது வேணும்?"
"வடக்குச் சுவர்."
"அது ஈரம் ஊறி உதிருதே, டோரீன்."
"அதனால்தான். நீயானால் இன்னும் பத்து வருஷம்
அலமாரியை இழுத்து மறைத்தே வைப்பாய்."

சாட்சிக்குச் சொந்தக்காரர் ஆகாது.
பக்கத்து வீட்டு மெரியல் வந்தாள்,
ஆஸ்பத்திரி உடுப்போடு, தூங்காத கண்ணோடு.
துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் தாளை விரித்தோம்.
அது சுழன்றுகொண்டிருந்தது.
என் கையெழுத்து
கொஞ்சம் நடுங்கியிருப்பதற்கு அதுதான் காரணம்.

"என்னது இது?" என்றாள் மெரியல்.
"வீடு வாங்குறேன்."
"யார்கிட்ட?"
ஜன்னலுக்கு வெளியே
ஏணியில் நின்று கூரைக் குழாயிலிருந்து
இலைகளை வழித்துக்கொண்டிருந்தவனைக் காட்டினேன்.

இரண்டு மாதம் கழித்து வங்கிக் கடிதம்,
முதல் தடவையாக இரண்டு பேரும் உறையின் மேல்.
வட்டி ஏறுகிறது, தவணை உயர்கிறது.
"யாருக்கு?" என்று மாடியிலிருந்து கேட்டான்.

இன்னொரு தடவை படித்தேன்.
"எனக்கு" என்றேன்.